நாலு அங்குலம் குறைந்த பையன்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு குழந்தையின் மேல் சிறு கீறல்கூட விழக் கூடாது என்பதில் நெப்ராஸ்கா மாநிலத்துக் கார்வர் ஊரில் இரண்டு கருத்து கிடையாது. அதற்காகத்தான் தோட்டாத் தேர்வுக் குழு அமைத்தோம்.

கால்பந்து அணிக்குப் புதுச் சட்டை என்ன நிறத்தில் வாங்குவது என்று முடிவு செய்ய எங்கள் பள்ளி வாரியத்துக்கு இரண்டு வருஷம் பிடித்தது. பள்ளிக்குள் சுட வருபவனைத் தடுக்க ஆசிரியர்கள் இடுப்பில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்ற தீர்மானம், ஊற்றிய காபி ஆறுவதற்குள் நிறைவேறியது. அவசரப்பட்டுவிட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். துப்பாக்கிக்குள் என்ன தோட்டாவைப் போடுவது என்ற கேள்வி வந்தபோது நாங்கள் மிக நிதானமாக நடந்துகொண்டோம்.

“கண்டதை வாங்கிப் போட முடியாது,” என்றார் வாரியத் தலைவர் டுவேன் ஹாக்மன். ஆலங்கட்டி மழைக்குப் பயிர் இன்சூரன்ஸ் விற்பவர். எதைப் பார்த்தாலும் அவருக்குச் சேதம்தான் முதலில் கண்ணில் படும். “நம்ம பிள்ளைங்க விஷயம் இது. தரமானதா இருக்கணும். சுட்டுப் பாத்து எடுத்ததா இருக்கணும்.”

சுட்டுப் பார்ப்பதற்காக டெரில் ஃபிட்ச் என்ற நிபுணர் வந்தார். தற்காப்புத் தர நிலையம் என்ற அமைப்பைச் சேர்ந்தவர். அவர் பெட்டியைத் திறந்தால், ஏற்கெனவே சுட்டு எடுத்த தோட்டாக்கள் நீலப் பட்டுத் துணியில், நகைக்கடை மோதிரங்கள் போல வரிசையாக உட்கார்ந்திருந்தன. தோட்டாவை ஜெலட்டின் பாளத்தில் சுட்டுத்தான் மதிப்பிட வேண்டும் என்று அவர் விளக்கினார். தோட்டாவைப் பொறுத்தவரை ஜெலட்டினும் மனித உடம்பும் ஒன்றுதான். வித்தியாசம் தெரிவது மற்றவர்களுக்கு மட்டும்தான்.

ஜெலட்டின் என்றதும் எங்கள் எல்லாருக்கும் ஒரே பெயர்தான் தோன்றியது: நோரீன் ஷெடிவி. பள்ளிச் சமையலறை அவள் பொறுப்பு. தேவாலய விருந்து எதுவானாலும், துருவிய காரட்டும் அன்னாசித் துண்டும் உள்ளே மிதக்கும் ஜெல்லோ என்ற பச்சை ஜெலட்டின் இனிப்பை வளையமாக உறைய வைத்து, தட்டில் ஆடாமல் அசையாமல் கொண்டுவந்து வைப்பவள். டுவேனும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவரே நேரில் போய்க் கேட்டார்.

“ஒரு பெரிய பாளம் வேணும் நோரீன். ஒரு ஆள் நெஞ்சு அளவுக்கு.”

“அவ்வளவு பெரிசா? பசங்களுக்கா டுவேன்?”

“பசங்களுக்காகத்தான்.”

“காரட் போடவா?”

“வேணாம், வேணாம். வெறும் ஜெலட்டின்.”

“வெறும் ஜெலட்டினை எந்தப் பிள்ளை தொடும்? நீ சின்ன வயசுலயே ருசி தெரியாதவன்.”

விஷயத்தை விளக்கியதும் அவள் சிரிப்பு நின்றது. ஈரக் கையைச் சமையல் மேலங்கியில் துடைத்துக்கொண்டாள். அவள் மகன் கோல்பியும் அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். “என் பையனும் இங்கதானே இருக்கான். அவனைக் காப்பாத்தறதுக்குன்னா நீ எதைச் சொன்னாலும் காய்ச்சறேன்,” என்றாள்.

பாளம் கெட்டுப்போகாமல் இருக்கக் குளிர் அறை தேவைப்பட்டது. குளிர் அறையில் பால் இருந்தது. பாலை வெளியே பனியில் அடுக்கினோம். ஜனவரி மாதம் எங்கள் ஊரில் வெளியே வைத்த எதுவும் கெடாது. ஆனால் குடிக்கவும் வராது. முதல் வகுப்புப் பிள்ளைகள் அட்டைப் பெட்டியை உரித்து, பாலைக் கரண்டியால் குத்தித் தின்றார்கள். “மிஸ் நோரீன், என் பால் என்னைக் கடிக்குது,” என்று ஒரு குட்டி வந்து புகார் சொன்னாள். பாதுகாப்புக்காக எல்லாரும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பள்ளியிலிருந்து பெற்றோருக்குச் செய்தி போனது.

நோரீனின் முதல் பாளம் தோற்றது. சோதனைக்கு முன் பாளத்தையே சோதிக்க வேண்டுமாம். ஃபிட்ச் ஒரு விளையாட்டுத் துப்பாக்கியால் சிறிய இரும்புக் குண்டைச் சுட்டார். மூன்று அங்குலமும் கொஞ்சமும் போய் நிற்க வேண்டிய குண்டு, பாளத்தைத் தாண்டிப்போய்ச் சமையலறை அண்டாவில் ணங்கென்று மோதியது.

“இதைக் கொதிக்க வெச்சீங்களா?” என்று கேட்டார் ஃபிட்ச்.

“ஜெல்லோன்னா கொதிக்கற தண்ணி ஊத்தணும் சார். பொட்டலத்துலயே போட்டிருக்கும்.”

“அம்மா, இது ஜெல்லோ இல்ல. இது மனுஷன். மனுஷனைக் கொதிக்க வெச்சா வலு போயிடும்.”

“மன்னிச்சுக்கங்க,” என்றாள் நோரீன். பாளத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அடுத்த முறை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்தாள். நுரை வராமல் இருக்கச் சில சொட்டு இலவங்கப்பட்டை எண்ணெய் விட வேண்டும் என்றார் ஃபிட்ச். அந்த வாசனை காற்றுக்குழாய் வழியாகப் பள்ளி முழுவதும் பரவியது. எங்கள் நெப்ராஸ்காவில் பள்ளிக்கூடத்தில் இறைச்சியும் பீன்ஸும் வேகவைத்த கறிக்கூழுடன் இலவங்கப்பட்டை ரோல் என்ற இனிப்பு ரொட்டி போடும் நாள்தான் பிள்ளைகளுக்குத் திருநாள். வாசனை பிடித்து ஓடிவந்த கூட்டம், தட்டில் மீன் துண்டைக் கண்டு அழாத குறையாகத் திரும்பிப் போனது. “அப்ப அந்த வாசனை எதுக்கு?” என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்று நோரீனிடம் சொல்லிவைத்திருந்தோம்.

இரண்டாம் பாளம் தேறியது. ஊருக்கு வெளியே சரளைக்கல் வெட்டிய பள்ளத்தில் வைத்துச் சுட்டோம். ஃபிட்ச்சின் தரம் எளிமையானது. தோட்டா குறைந்தது பன்னிரண்டு அங்குலமாவது உள்ளே போக வேண்டும். குறைந்தால், எதிரி சாகாமல் நின்றுவிடலாம். பதினெட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால், பின்னால் நிற்பவர் செத்துவிடலாம். எங்கள் தோட்டா பன்னிரண்டரையில் நின்றது. ஃபிட்ச் பாளத்தை ரொட்டிக் கத்தியால் அறுத்து அதை வெளியே எடுத்தார். நுனி ஆறு இதழாகப் பிரிந்து மலர்ந்திருந்தது. ஒரு காகிதத் தட்டில் வைத்து எல்லாருக்கும் காட்டினோம். அதற்குப் பின்னாலேயே எலுமிச்சைக் கேக் தட்டும் வந்தது.

“அய்யோ, என்ன அழகாப் பூத்திருக்கு!” என்றாள் லவோன் டீச்சர். பாலர் வகுப்பு ஆசிரியை. எங்கள் பள்ளியில் முதன்முதலாகத் துப்பாக்கி வைத்துக்கொள்ளப் போகிறவள் அவள்தான். பிள்ளைகளுக்குச் சளி துடைக்கும் காகிதப் பையில் வைத்துக்கொள்ளலாமா, அல்லது தனி உறை வாங்க வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் ஃபிட்ச் மனசாட்சி உள்ள மனிதர்.

“ஒரு விஷயம் மிச்சம் இருக்கு,” என்றார். “இது பொதுவான ஆளுக்கான பாளம். போலீஸ்காரர் தெருவுல மடக்கற முரட்டு ஆள். உங்க பள்ளிக்கூடத்துக்குள்ள சுட வரப்போறது யாரு?”

நாங்கள் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கிவரும் தாடிக்காரன் ஒருவனைத்தான் மனதில் வைத்திருந்தோம். ஃபிட்ச் தலையை ஆட்டினார்.

“பெரும்பாலும் அதே பள்ளிக்கூடத்துப் பையன்தான் வர்றான். இல்லேன்னா அங்க படிச்சு முடிச்ச பையன்.”

பிறகு டுவேன் எழுந்தார். அன்று அவர் பேசிய பேச்சை ஊரில் இன்றும் பாராட்டுகிறார்கள்.

“கேக்கறதுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நம்ம பிள்ளைங்களைக் காப்பாத்தணும்னா, நாம சுடப்போற நம்ம பிள்ளை எப்படி இருப்பான்னு முதல்ல தெரிஞ்சுக்கணும். தெரியாத பிள்ளையைச் சுடறது பொறுப்பில்லாத வேலை.”

கைதட்டினோம்.

ஆசிரியர்கள் கூடி, அந்த உத்தேச மாணவனின் அடையாளங்களைச் சொன்னார்கள். மாணவர் அந்தரங்கச் சட்டத்தை நாங்கள் உயிராக மதிப்பவர்கள். யாரும் பெயரைச் சொல்லக் கூடாது என்று டுவேன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“கடைசி வரிசையில உக்காருவான்,” என்றார் கணக்கு ஆசிரியர். “கேள்வி கேட்டா பதில் சரியாச் சொல்வான். அதான் எனக்கு உதைக்குது.”

“கால்பந்துக்குக் கூப்பிட்டேன், வரலைன்னுட்டான்,” என்றார் பயிற்சியாளர். “இந்த ஊர்ல எவன் வரலைன்னு சொல்வான்?”

“எடுத்துட்டுப் போற புத்தகத்தை ஒரு நாள்கூடத் தாமதிக்காமத் திருப்பித் தர்றான்,” என்றாள் நூலகத்தைப் பார்த்துக்கொள்பவள். “இவ்வளவு ஒழுங்கா இருக்கறவன் மனசுல என்ன ஓடுதுன்னு யாருக்குத் தெரியும்?”

“என்கிட்ட பாலர் வகுப்புல படிச்சப்ப தங்கமான பிள்ளை,” என்று லவோன் கண் கலங்கினாள். “யாரையும் கடிக்க மாட்டான். கடிக்கற பிள்ளைங்களை நமக்குப் புரிஞ்சுடும். கடிக்காததுங்கதான்…”

ஒல்லி. தலையை மூடும் தொப்பி வைத்துத் தைத்த சாம்பல் நிறச் சட்டை. கடைசி மேசையில் தனியாகச் சாப்பிடுவான். யாரும் பெயரைச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்தது. சமையலறை ஊழியர் குழுவில் இல்லாததால் நோரீனுக்கு மட்டும் தெரியவில்லை.

“உன் பையனோட பழைய தொப்பிச் சட்டை ஒண்ணு குடேன்,” என்றார் டுவேன் அவளிடம். “துணி வழியா தோட்டா எப்படிப் போகுதுன்னு பாக்கணும். ஏதாவது ஒரு பையன் சட்டையா இருந்தாப் போதும்.”

அவள் சாம்பல் நிறச் சட்டையை அலசிக் காயவைத்து, முழங்கையில் இருந்த கிழிசலை நீல நூலால் தைத்து, மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ஊரார் முன்னால் கிழிசலோடு வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஃபிட்ச் புதுப் பாளத்துக்கு அளவு சொன்னார். ஒல்லியான பையனுக்கு நெஞ்சிலிருந்து முதுகு வரை எட்டு அங்குலம்தான். பாளத்துக்குச் சட்டையைப் போட்டோம். பின்னால் மூன்றாம் வகுப்புச் சுவர் என்று வைத்துக்கொண்டு ஒரு பலகையை நிறுத்தினோம். சுவர் மாதிரியே இருக்கட்டும் என்று லவோன் அதில் பிள்ளைகள் வரைந்த படங்களை ஒட்டினாள்.

தோட்டா நெஞ்சில் நுழைந்து, முதுகில் வெளியேறி, பலகையில் இருந்த ஒரு மஞ்சள் நாயின் காதைத் துளைத்தது.

எல்லாரும் கிட்டே போய் நாயைப் பார்த்தோம்.

“தோட்டாவில குறையா?” என்று டுவேன் கேட்டார்.

“தோட்டா அதோட வேலையைச் செஞ்சுது. பன்னிரண்டு அங்குலம் போகணும், போச்சு. பையன்தான் எட்டோட முடிஞ்சுட்டான்.” ஃபிட்ச் நெற்றியைத் தேய்த்தார். “தோட்டா பாஸ். பையன் ஃபெயில். நாலு அங்குலம் குறையறான்.”

“வேகம் குறைஞ்ச தோட்டா போட்டா?” என்று கணக்கு ஆசிரியர் தயங்கிக்கொண்டே கேட்டார்.

“எட்டு அங்குலத்துல நிக்கற தோட்டாவுக்கு எங்க நிலையம் சான்று குடுக்காது. தரம்னா தரம். ஆளுக்கு ஆள் மாத்த முடியுமா?”

“சான்று இல்லாத தோட்டான்னா இன்சூரன்ஸ் கிடையாது,” என்று டுவேன் உறுதியாகச் சொன்னார். “இன்சூரன்ஸ் இல்லாம ஒரு பையனைச் சுடறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். அப்படிப்பட்ட ஊர் இல்ல இது.”

வழி சொன்னவர் பயிற்சியாளர். மல்யுத்தப் பையன்களை எடை ஏற்றி இறக்கிப் பழகியவர். “தோட்டாவை மாத்த முடியாது, தரத்தையும் மாத்த முடியாது,” என்றார். “பையனை மாத்தலாமே. நல்லாச் சாப்பிட வைப்போம்.”

இவ்வளவு எளிய வழி எப்படி யாருக்கும் தோன்றவில்லை என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கைகளும் மேலே போயின.

மறு வாரமே சமையலறைக்கு உத்தரவு போனது: கடைசி மேசையில் தனியாக உட்காரும் ஒல்லிப் பையனுக்கு எதையும் இரண்டு பங்காகப் போட வேண்டும். ஊட்டச்சத்துத் திட்டம் என்று சொன்னோம். நோரீன் அந்த உத்தரவைக் கேட்டுவிட்டு, அடுப்பு மறைவில் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்று சொல்கிறார்கள். இத்தனை வருஷமாக அவள் மகன் கடைசி மேசையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பரிமாறும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். கடைசியில் யாரோ ஒருவர் கண்ணிலாவது அவன் பட்டுவிட்டான்.

வீட்டில் அந்த வாரங்கள் சந்தோஷமாக இருந்தன. நோரீனின் கணவன் வெர்ன் மாட்டு லாரி ஓட்டுபவன். வாரத்தில் பாதி நாள் சாலையில்தான். ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அவன் கைபேசியில் இருந்தான். போனை உப்பு டப்பாவில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

“அப்பா, இன்னைக்கு எனக்கு ரெண்டு ரோல்,” என்றான் கோல்பி. “லவோன் டீச்சர் வேற அவங்க ரோலையும் என் தட்டுல வெச்சுட்டுப் போனாங்க. தலையை வேற தடவினாங்க.”

“எனக்கு இங்க காஞ்ச சாண்ட்விச். நானும் பத்தாங் கிளாஸ்ல வந்து உக்காந்துடட்டுமா?”

“உன்னை எந்த மேசை தாங்கும்?” என்றாள் நோரீன்.

“பயிற்சியாளர் என் நெஞ்சை டேப் வெச்சு அளந்தாரும்மா. முன்னாடி, பக்கவாட்டுல, எல்லாம். ‘நல்லா ஏறுதுடா, விடாத’ன்னு தட்டிக்குடுத்தாரு. மல்யுத்தத்துல சேத்துக்கப் போறாரு போல.”

“உன்னையா? காத்தடிச்சா வேலியைப் புடிச்சுக்கற ஆளு நீ.”

“சிரிக்காதம்மா. எல்லாரும் இப்ப என்னைப் பாத்துச் சிரிக்கறாங்க தெரியுமா? நெஜமாவே. நடந்து போனா ‘ஹாய் கோல்பி’ன்னு கூப்பிடறாங்க.” அவன் தட்டில் இருந்த உருளைக்கிழங்கைக் கிளறினான். “என் பேர் அவங்களுக்குத் தெரியும்னே நான் நினைக்கல.”

நோரீன் அவன் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள்.

பிப்ரவரிக் கடைசியில் ஊர் மக்கள் முன்னிலையில் இறுதிச் சோதனை. சரளைக்கல் பள்ளத்தில் மடக்கு நாற்காலி, கம்பளி, பிளாஸ்க் காபி. நோரீன் பெரிய அண்டா நிறையக் கறிக்கூழும் ரோலும் கொண்டுவந்திருந்தாள். கோல்பி தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தான். வடக்குக் காற்று எலும்பைத் தொட்டது. அவன் மெல்லிய சட்டையோடு நடுங்கினான். அவனுடைய தொப்பிச் சட்டை பள்ளத்தின் நடுவில், பாளத்தின் மேல் இருந்தது.

லவோன் குறி வைக்கும் இடத்தில் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்றாள். “சாம்பல் சட்டைதான் இலக்கு. நான் போதும்னு சொல்றவரை அதை விட்டு முனை நகரக் கூடாது,” என்று ஃபிட்ச் சொல்லியிருந்தார். சுடுவதற்கு முன் டுவேன் நன்றியுரை ஆற்றினார்.

“இன்னைக்குப் பாளம் எட்டே முக்கால் அங்குலம். ஏன்னு கேளுங்க. நம்ம உத்தேச மாணவன் முக்கால் அங்குலம் ஏறியிருக்கான்! வேற ஊரா இருந்தா, பையன் ஒல்லி, தோட்டா பின்பக்கம் போகுதுன்னு கையை விரிச்சிருப்பாங்க. நாம விரிக்கல. உக்கார வெச்சுச் சோறு போட்டோம். அடுத்த வருஷத்துக்குள்ள தோட்டா அவனுக்குள்ளயே நிக்கும், மூணாங் கிளாஸ் பிள்ளைங்க மேல படாது. இதுக்கெல்லாம் காரணம் ஒருத்தர் கை. நோரீன், எழுந்து நில்லு!”

கைதட்டல் அடங்கும்வரை நோரீன் கரண்டியோடு நின்றாள்.

“எந்தப் பையன்?” என்று கேட்டாள்.

அந்தரங்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் கண்களுக்குச் சட்டம் கிடையாது. எங்கள் கண்கள் எல்லாம் தட்டோடு நின்ற கோல்பியின் மேல் போயின.

அவள் பள்ளத்தின் நடுவுக்குப் போனாள். பாளத்தைச் சரிசெய்யப் போகிறாள் என்று நினைத்தோம். பாளத்தின் மேலிருந்த சட்டையை அவள் மேல்பக்கமாக உருவி எடுத்தாள். வெறும் ஜெலட்டின் வெயிலில் மினுமினுத்தது. இலவங்கப்பட்டை வாசனை காற்றில் வந்தது.

“கோல்பி. இங்க வா.”

அவன் போனான். அவள் சட்டையை அவன் தலையில் மாட்டி, கைகளை ஒவ்வொன்றாக நுழைத்துவிட்டாள், சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல. நெஞ்சில் ஓட்டை இருந்தது. அவள் விரல் அதற்குள் போய், உள்ளே அவன் மேல் பட்டு நின்றது. பிறகு அவனைப் பின்னால் தள்ளிவிட்டு எங்களைப் பார்த்துத் திரும்பினாள்.

“நோரீன், சுடற கோட்டுல நிக்கற,” என்றார் டுவேன்.

“தெரியுது. இத்தனை வருஷம் இவன் தனியா உக்காந்து சாப்பிட்டான். ஒருத்தர், ஒரே ஒருத்தர் பக்கத்துல போய் உக்காந்தீங்களா? புள்ளைக்குப் பசிச்சப்ப வராதவங்க, குண்டு நிக்கணும்னு வந்து ரெண்டு ரோல் போட்டீங்க. என் கையாலயே போட வெச்சீங்க.” அவள் குரல் உடைந்தது, நிற்கவில்லை. “இவன் என்ன செஞ்சான்? சொல்லுங்கடா! புத்தகத்தைத் திருப்பிக் குடுத்தான், அதானா? என் கோல்பி என்ன செஞ்சான்?”

“பேரைச் சொல்லாத நோரீன்,” என்றார் டுவேன் பதறிப்போய். “எல்லார் முன்னாடியும் மாணவர் பேரைச் சொல்றது சட்டப்படி குத்தம்.”

“அம்மா, வாம்மா போலாம்,” என்றான் கோல்பி மெதுவாக.

ஃபிட்ச் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை; தொழில் ஆர்வம்தான் இருந்தது.

“நாம ஒண்ணை விட்டுட்டோம்,” என்றார். “துணி சோதிச்சோம், பலகை சோதிச்சோம். சம்பவம் நடக்கும்போது ஒரு அம்மா குறுக்க வந்து நின்னா?”

“நல்ல கேள்வி,” என்றார் டுவேன்.

“அம்மா ஒரு பத்து அங்குலம்னு வைங்க. குளிர்காலக் கோட்டு, சமையல் மேலங்கி தனி. அதுக்குப் பின்னாடி பையன் எட்டே முக்கால்.” ஃபிட்ச் விரல்களை மடக்கினார். “மொத்தம் பதினெட்டே முக்கால். தோட்டா ரெண்டு பேருக்குள்ளயும் போய், சுவருக்கு வராம நின்னுடும். தரம் சொல்ற பதினெட்டையே தாண்டிட்டோம்!”

இதுவரை யாராலும் தீர்க்க முடியாத சிக்கல் கண்முன்னால் தீர்ந்ததைக் கண்டு கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பையனைக் குண்டாக்க ஒரு வருஷம் காத்திருக்கவே வேண்டாம். இனிச் சோதனைகளில் துணி, பலகை என்ற வரிசையில் தாயையும் சேர்க்க வேண்டும் என்று பயிற்சியாளர் முன்மொழிந்தார். கணக்கு ஆசிரியர் வழிமொழிந்தார்.

“டுவேன், எனக்குக் கை வலிக்குது,” என்றாள் லவோன். துப்பாக்கியை இன்னும் நீட்டியபடியே நின்றாள். “இறக்கட்டுமா?”

“கொஞ்சம் பொறும்மா. ஓட்டெடுப்பு நடக்குது.”

கைகளைத் தூக்கினோம். கையுறை போட்ட கைகள், காபிக் கோப்பை பிடித்த கைகள். எதிர்த்து ஒரு கையும் இல்லை.

நோரீன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு மகனின் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டு, மேட்டில் நின்ற தன் வண்டியை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். அவர்கள் வேகமாக நடக்கவில்லை. சரளைக்கல்லில் அவன் ஒரு முறை சறுக்கினான், அவள் பிடித்துக்கொண்டாள்.

சாம்பல் சட்டையை விட்டு முனை நகரக் கூடாது என்பதுதான் லவோனுக்குக் கொடுத்த உத்தரவு. ஃபிட்ச் இன்னும் ‘போதும்’ என்று சொல்லவில்லை. அவள் உடம்பை மெதுவாகத் திருப்பினாள். பாளத்தை விட்டு, பலகையை விட்டு, மஞ்சள் நாயை விட்டு, அவளுடைய துப்பாக்கி அந்தத் தொப்பிச் சட்டையின் முதுகில் இருந்த ஓட்டைக்குப் பின்னாலேயே மேட்டின் மேல் ஏறிப் போனது. வண்டிக் கதவு சாத்தும்வரை அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. கை மட்டும் ஆடவில்லை.

“பாத்தீங்களா?” என்று டுவேன் எங்களிடம் பெருமையோடு சுட்டிக்காட்டினார். “கொஞ்சம்கூட ஆடல.”